பயம் என்ற சொல் இல்லாத நோட்டு

அவர் மறுபடி மலைக்குப் போகக் கூடாது. தொண்ணூறுகளின் நடுவில், டெல்லி கிட்வாய் நகரில் அரசாங்கம் கொடுத்த தரைத்தள வீட்டில் சின்னக் குழந்தையோடு இருந்த எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை அவரிடம் நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சொன்னால், மனைவி குறுக்கே நிற்கிறாள் என்று ஆகிவிடும். சொல்லாமல் இருந்து ஏதாவது நடந்துவிட்டால் என்னை நானே மன்னிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். அவருடைய கட்டுரையைத் திருத்தினேன்.

என் கணவர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அசிஸ்டென்ட். மதுரைப் பக்கம் பிறந்து, வேலைக்காக டெல்லி வந்து, அலுவலகத்து மலையேற்றக் குழுவில் சேர்ந்தவர். பெண் பார்க்க வந்தபோது "மாப்பிள்ளை அப்பப்ப டூர் போவாரு" என்று மட்டும் சொன்னார்கள். டூர் என்றால் கோப்புகளோடு ரயிலில் போவது என்றுதான் எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டோம்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது, மழைக்காலம் முடிகிற சமயத்தில், உத்தரகாசிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மலைக்கு அவருடைய குழு கிளம்பியது. ஏழு வாரம். அக்டோபரில் திரும்பி வந்தபோது மூக்கின் மேல்தோல் உரிந்திருந்தது. உதடுகள் கறுத்து வெடித்திருந்தன. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி மரத்துப் போயிருந்தது. சட்டைப் பொத்தான் போட முடியாமல் தினமும் காலையில் என் முன்னால் வந்து நிற்பார். நான் போட்டுவிடுவேன். அதைப் பற்றி இருவரும் பேச மாட்டோம். உச்சியைத் தொட்டீர்களா என்று யாராவது கேட்டால், "இல்ல, கொஞ்சம் கீழயே திரும்பிட்டோம்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எங்கள் குடியிருப்பில் இருந்த தமிழர்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். பொங்கலுக்கு விழா, விழாவுக்கு ஓர் ஆண்டு மலர். மன்றத்தின் செயலாளர் எங்கள் மேல்வீட்டு மாமா. கும்பகோணத்துக்காரர். முப்பது வருடம் டெல்லியில் இருந்தும் பேச்சில் காவிரித் தண்ணீர் வற்றாதவர். டிசம்பர் மாதத்தில் ஒருநாள் காலையில், மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏம்ப்பா, வருஷா வருஷம் எல்லாரும் தமிழின் சிறப்பு, தமிழின் சிறப்புன்னே எழுதித் தள்றா. நேக்கே அலுத்துப்போச்சு. நீ உன் மலையைப் பத்தி எழுதிக் குடேன். அச்சா சேஞ்சா இருக்கும்."

"எனக்கு எங்க மாமா எழுத வருது? டைரி மாதிரி ஒண்ணு கிறுக்கி வச்சிருக்கேன். அம்புட்டுதான்."

"அதையே குடு. உன் ஆம்படையா தமிழ் எம்.ஏ.தானே? பகல் பூரா ஆத்துல சும்மாதானே இருக்கா? செதுக்கிக் குடுத்துடுவா."

நான் அப்போது இடுப்பில் குழந்தையையும் ஒரு கையில் அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். சும்மாதான் இருக்கிறேன் என்று தலையாட்டினேன்.

அன்று மதியம் குழந்தை தூங்கியதும் அந்த நோட்டைத் திறந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண நோட்டு. உயரத்தில் பேனா மை உறைந்துவிடும் என்பதால் முழுவதும் பென்சில். சில பக்கங்களில் எழுத்து வரிசையை விட்டுச் சரிந்து ஓரத்துக்குப் போயிருந்தது. கையுறையோடு எழுதியிருக்க வேண்டும்.

"காலை ஆறு மணி. பூட்ஸ் கல் மாதிரி இருந்தது. ஸ்டவ்வில் காட்டினோம். சாதம் வேகவில்லை. தின்றோம்."

"எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் நாற்றம். டீயிலும்."

"காற்று. கூடாரத்துக் கம்பியை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கை மாற்றிக்கொண்டோம்."

இப்படியே போயிற்று. எனக்கு முதலில் ஏமாற்றமாகவும் பிறகு வெட்கமாகவும் இருந்தது. இதை எப்படி மலரில் போடுவது? மண்ணெண்ணெய், வேகாத சாதம், பூட்ஸ். நான் மதுரையில் படித்த கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் பரிசு எனக்குத்தான். வாக்கியம் என்றால் அது எழுந்து நிற்க வேண்டும், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொண்டவள். இந்த வாக்கியங்கள் எல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன.

எழுந்து நிற்க வைத்தேன். "காற்று" என்று அவர் எழுதிய இடத்தில் "ஊழிக்காற்று ஓலமிட்டது; கூடாரத்தின் வாசலில் மரணம் வந்து நின்று எங்கள் பெயரைச் சொல்லி அழைத்தது" என்று எழுதினேன். "இருபது அடி. நின்றேன். இருபது அடி. நின்றேன். பிறகு பதினைந்து" என்று ஒரு பக்கம் முழுக்க அடிகளை எண்ணியிருந்தார். அதை எடுத்துவிட்டு, "ஒவ்வோர் அடியும் ஒரு யுகமாய் நீண்டது" என்று ஒரே வரியில் முடித்தேன். மண்ணெண்ணெயை முழுவதுமாக நீக்கினேன். பனி என்று வருகிற இடமெல்லாம் உயிர் உறிஞ்சும் பனி, கொலைவெறி கொண்ட பனி.

அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. இதை ஊரில் அவருடைய அம்மா படிப்பார்கள், அழுது தடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். மன்றத்தில் நாலு பெரியவர்கள் படித்துவிட்டு, "பச்சைக் குழந்தைக்காரனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்வார்கள். அவரே அச்சில் பார்க்கும்போது, இவ்வளவு பயங்கரமான இடத்துக்கா போய் வந்தோம் என்று யோசிப்பார். பயம் என்ற சொல்லை எங்கெல்லாம் வைக்க முடியுமோ அங்கெல்லாம் வைத்தேன்.

இரண்டாவது கேம்ப்பைப் பற்றிய பக்கங்களுக்கு வந்தபோது என் கை நின்றது. மூன்று நாள் விடாமல் பனி கொட்டி, கூடாரத்தில் அவரும் அவருடைய செக்‌ஷனில் வேலை பார்க்கும் வங்காளி நண்பரும் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நண்பருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அங்கே இப்படி இருந்தது:

"மூன்றாம் நாள். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. இருமல் நின்றால் எழுந்து பார்த்தேன். இன்று மகளின் பெயர் சற்று நேரம் ஞாபகம் வரவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்த பிறகு வந்தது."

நான் கட்டிலைப் பார்த்தேன். குழந்தை ஒரு கையை மடக்கிக் கன்னத்துக்குக் கீழே வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயரை நாங்கள் இரண்டு மாதம் பேசிப் பேசி முடிவு செய்திருந்தோம். அது எப்படி மறக்கும்? மறந்தாலும் அதைப் போய் எழுதுவார்களா? எழுதினாலும் பெண்டாட்டியிடம் கொடுப்பார்களா? ஒருவேளை நான் படிக்க வேண்டும் என்றுதான் கொடுத்தாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தக் கேள்வியின் பின்னால் போகாமல் அந்த வரியை நீக்கினேன். அதற்குப் பதிலாக, "என் அன்பு மகளின் மழலை முகம் கண்முன் நிழலாடியது, அந்த முகமே எனக்கு உயிர்மூச்சாக இருந்து என்னைக் காத்தது" என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனால் அது நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினேன்.

அவருக்குப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "நீ தமிழ் படிச்சவ. உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். கட்டுரை நேராக அச்சகத்துக்குப் போயிற்று.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஹாலில் விழா. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை என்று பெண்கள் எல்லோரும் மூட்டையாக உட்கார்ந்திருந்தோம். சிறப்பு விருந்தினர் என் கணவருடைய இலாகாவிலேயே மிக உயர்ந்த பதவியில் இருந்த ஒரு தமிழர். மாமா மைக்கில் என் கணவரைக் கூப்பிட்டு, மலரைக் கையில் கொடுத்து, "நீயே வாசி, உன் வாயாலயே கேட்போம்" என்றார்.

அப்போதுதான் அவர் அதை முதல்முறையாகப் படிக்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

அவர் குரலில் அந்த வாக்கியங்கள் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டதுபோல் இருந்தன. ஊழிக்காற்று வந்த இடத்தில் ஒருதரம் தொண்டையைச் செருமினார். ஆனால் ஹால் அசையாமல் கேட்டது. மரணம் பெயர் சொல்லி அழைத்தபோது என் பக்கத்தில் இருந்த பெண்மணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மகளின் முகம் நிழலாடும் வரிக்கு வந்ததும் அவர் நிறுத்தினார். பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நான்கு வினாடி இருக்கும். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு அந்த வரியை ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். கைதட்டல் எழுந்தது. இரண்டு மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ என் மடியில் இருந்த குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "அப்பாவைக் காப்பாத்தின கொழந்தை இதானா?" என்றார்கள்.

சிறப்பு விருந்தினர் பேச எழுந்து, தான் தயாரித்து வந்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டார். "இப்படி ஒரு வீரரு நம்ம டிபார்ட்மென்ட்ல இருக்காருன்னு எனக்கே தெரியாமப் போச்சே. மே மாசம் ஒரு பெரிய டீம் கிளம்புது. அதுல இவர் பேரு இல்லாம போனா அது நமக்குத்தான் அவமானம். நான் பாத்துக்கறேன்" என்றார். மறுபடியும் கைதட்டல். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பார்ப்பார்களே.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் தோளில் குழந்தை தூங்கிவிட்டாள். பாதி தூரம் வந்த பிறகு சொன்னார்:

"அந்த பாப்பா வரி நான் எழுதுனது இல்ல."

"தெரியும்."

"பேரு மறந்துபோச்சு. அதுதான் நடந்துச்சு."

"அத எப்படிங்க அம்புட்டு பேருக்கு முன்னால…"

"சரி விடு. எல்லாரும் தட்டுனாங்கல்ல."

கோபம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அதில் கோபம் இல்லை. அவ்வளவு தூரம் ஏறி எடுத்து வந்த ஏதோ ஒன்றை வாசலில் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனவர்போல், குல்லாவைக் குழந்தையின் காதுவரை இழுத்துவிட்டார்.

ஊரிலிருந்து வரும் தடைக்காகக் காத்திருந்தேன். மலரை மாமியாருக்குத் தபாலில் அனுப்பி இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினோம். முதலில் அவர் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"அத்தை, படிச்சீகளா?"

"படிக்காம? வாத்தியார விட்டு ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தெருவே வந்து உக்காந்துச்சு. எமன் வந்து கூப்பிட்டும் போகாம நின்னிருக்கானே எம் மகன்! புலில்ல பெத்திருக்கேன்!"

"இல்ல அத்தை, ரொம்ப ஆபத்தான எடம்…"

"ஆமா, ஆபத்தான எடந்தான். அவனுக்கு என்னா? உம் மக மூஞ்சி கூடவே இருக்குல்ல. நீ பாட்டுக்குத் தடுத்துப்புடாத ஆத்தா, கேட்டியா?"

பூத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பயமுறுத்த எழுதினேன், ஒருவரும் பயப்படவில்லை. பெரிய சொற்கள் வந்ததும் ஜனங்கள் பாதுகாப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஊழிக்காற்று என்றால் அது மேடையில் அடிக்கிற காற்று. அதில் யாருக்கும் காது வலிக்காது. மரணம் பெயர் சொல்லி அழைத்தால் அது கதை, கதையில் அவன் பிழைத்து வந்து மைக் முன்னால் நிற்பான். நான் அவரைத் தடுக்க எழுதிய ஒவ்வொரு சொல்லும் அவரை மேலே தள்ளியிருந்தது.

பிப்ரவரி கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் கொண்டுவந்தார். மே மாதக் குழுவில் அவர் பெயர் சேர்ந்துவிட்டது. மனைவி தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் யாரும் பொறுப்பல்ல என்று ஆங்கிலத்தில் நான்கு வரி, கீழே எனக்கு ஒரு கோடு.

"அவசரம் இல்ல. பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுத்தா போதும்" என்று மேஜை மேல் வைத்தார். "நீ வேணாம்னா சொல்லு" என்று அவர் சொல்லவில்லை. "வேணாம்" என்று நானும் சொல்லவில்லை. காகிதம் அங்கேயே இருந்தது. குழந்தை இழுத்துவிடுவாள் என்று நான் அதை அலமாரி மேல் தூக்கி வைத்தேன். மறுநாள் பார்த்தால் மேஜைக்கு வந்திருந்தது.

அந்த வாரம், குன்றின் மேல் இருக்கும் முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போனேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது என்னை அறியாமல் அடிகளை எண்ணத் தொடங்கினேன். இருபதில் மூச்சு வாங்கி நின்றேன். முருகனிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. போக வேண்டாம் என்று கேட்டால் அவர் மனது என்ன ஆகும்? பத்திரமாகப் போய் வரட்டும் என்று கேட்டால் போகச் சம்மதித்ததாக ஆகிவிடாதா? ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

அன்று மதியம் நோட்டை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை திருத்த வேண்டியது ஒன்றும் இல்லாததால் மெதுவாகப் படித்தேன். பயம் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஓர் இடத்தில்கூட இல்லை. தனிமை இல்லை. மரணம் இல்லை. ஆனால் "இருமல் நின்றால் எழுந்து பார்த்தேன்" என்ற வரியில் நின்றுவிட்டேன். இருமல் தொந்தரவு, நின்றால் நிம்மதி என்றுதான் நாம் நினைப்போம். அந்தக் கூடாரத்தில் இருமல் நிற்பதுதான் பயம். அதை அவர் விளக்கவில்லை. எழுந்தார், பார்த்தார். அதோடு விட்டுவிட்டார். இருபது அடி பதினைந்தாகக் குறையும்போது ஒரு மனிதன் தேய்வது தெரிகிறது. டீயில் மண்ணெண்ணெய் நாறும்போது அந்தக் கூடாரம் எவ்வளவு சின்னது என்று தெரிகிறது. நான் வெட்கப்பட்டு நீக்கிய சாமான்கள்தான் அந்த மலை. இவற்றை அப்படியே அச்சில் போட்டிருந்தால் மாமியார் அன்றே ரயில் ஏறியிருப்பார்.

நோட்டின் கடைசியில், அட்டைக்குள் இரண்டு இன்லண்டு கடிதங்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நான் பேஸ் கேம்ப்புக்கு எழுதியவை. ஈரம் பட்டுக் காய்ந்த தடம். "நாங்கள் இங்கு நலம். பாப்பா நன்றாக விளையாடுகிறாள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அடுத்ததிலும் ஏறக்குறைய அதே வரிகள். தேதியைப் பார்த்தேன். இரண்டாவது கடிதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிய வாரத்தில் எழுதியது.

அந்த விஷயத்தை நான் அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. மலையில் இருப்பவருக்கு எழுதக் கூடாது என்று அப்போது விட்டேன். வந்த பிறகு, அதுதான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று விட்டேன். நல்ல மனைவி அப்படித்தான் இருப்பாள் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

பதினைந்தாம் தேதிக்கு முந்தைய ஞாயிறு. வெயில் இதமாக இருந்ததால் பின்பக்கத்து முற்றத்தில் பாய் போட்டு, அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மரத்த விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் பட்டாணி அவர் வேலை. குழந்தை உரித்த தோல்களை எடுத்துச் செருப்புக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"நீங்க போயிருந்தப்ப பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு."

"எப்ப? எழுதலையே நீ."

"எழுதல. நாலு நாள் இருந்துச்சு. மூணாம் நாள் சாயங்காலம் கண்ணு மேல போயிருச்சு. கை கால் வெட்டுச்சு."

அவர் கை நின்றது.

"மேல்வீட்டுல பூட்டு. மாமா மாமி ஹரித்வார் போயிருந்தாக. ஆட்டோ ஒண்ணும் நிக்கல. தூக்கிக்கிட்டு நடந்தேன்."

"எங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. ரிங் ரோட்டத் தாண்டணும்ல. சிக்னல்ல நின்னேன். பச்ச விழுகுற வரைக்கும் நின்னேன்."

அவர் பாதி உரித்த பட்டாணியைக் கீழே வைத்தார்.

"அங்க சீட்டு எழுதுனாங்க. அப்பா பேரு கேட்டாங்க. சொன்னேன். எங்க இருக்காருன்னு கேட்டாங்க. தெரியலன்னு சொன்னேன்."

அதோடு நிறுத்திவிட்டேன். குழந்தை ஒரு பட்டாணித் தோலை அவர் முழங்காலில் வைத்து, எடுத்துக்கொள் என்று ஹிந்தியில், "பப்பா, லோ" என்றாள். அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். திங்கட்கிழமை காலையில் மேஜை மேல் இருந்த காகிதத்தைக் கையெழுத்து இல்லாமலே எடுத்துக்கொண்டு போனார். மாலையில் வந்து, "பேர எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த முற்றத்தில் நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்தது, நடந்தேன், சிக்னலில் நின்றேன், எல்லாம் நடந்தவை. ஆனால் எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த பிளாக்கில் இருந்த பஞ்சாபி அம்மாள் ஒருவர், நான் குழந்தையோடு போவதைப் பார்த்துவிட்டுத் துப்பட்டாவை அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பிடித்துவிட்டார். குழந்தைக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கும்வரை என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். "குச் நஹீ ஹோகா பேட்டி, குச் நஹீ ஹோகா" என்று, ஒன்றும் ஆகாது என்று, என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அவரைப் பற்றி நான் சொல்லவில்லை. மறந்து விடவில்லை; நீக்கினேன். அவர் வந்துவிட்டால் அந்தப் பெஞ்சில் நான் தனியாக இல்லை என்று ஆகிவிடும். மேடைத் தமிழில் தோற்றுப்போன காரியத்தை, என் கணவருடைய நோட்டிலிருந்து திருடிய தமிழில் செய்து முடித்தேன். அவர் மலையில் உள்ளதை உள்ளபடி எழுதக் கையாண்ட சொற்களை நான் அவரைக் கட்டிப்போடக் கையாண்டேன். இப்படிச் சொல்வதும் என்னை நானே அதிகமாகத் திட்டிக்கொள்வதோ என்று சில நாள் தோன்றும். ஒரு தாய் வேறு என்ன செய்வாள் என்று சில நாள் தோன்றும்.

குழு மே மாதம் கிளம்பி ஜூன் கடைசியில் திரும்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தத் தடவை உச்சியைத் தொட்டிருந்தார்கள். அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமா என்று அவர்தான் கேட்டார். ஆறு பேர் வந்தார்கள். உடம்பு தேறி இந்தத் தடவையும் போய்வந்த வங்காளி நண்பரும் இருந்தார். எல்லோருக்கும் முகத்தில் ஒரே இடத்தில் தோல் உரிந்திருந்தது. கூலர் இரைச்சலுக்கு மேல் சத்தமாகப் பேசினார்கள், சிரித்தார்கள். பாதி வாக்கியத்தில் ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தலையாட்டினார். என் கணவர் தண்ணீர் ஜாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டம்ளராக நிரப்பிக்கொண்டே இருந்தார்.

"மேல காத்து எப்படி?" என்று ஹிந்தியில் கேட்டார்.

வங்காளி நண்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டார்கள். "க்யா பதாவூம் யார்" என்றார். என்னத்தைச் சொல்ல, என்று. அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அவர்களில் இளையவர் ஒருவர், நல்ல மனதோடுதான், "நீங்க வராமப் போனது எங்களுக்கு ரொம்பக் குறை" என்று என் கணவரிடம் சொன்னார். நான் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கரண்டியை எண்ணெய்க்கு மேல் பிடித்தபடி காதைக் கொடுத்தேன்.

அவர் உடனே பதில் சொன்னார். கொஞ்சம் உரக்க, கைகளை விரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். குடும்பத்தை விடப் பெரிய சிகரம் உலகத்தில் எதுவும் இல்லை, என் மகளின் சிரிப்புதான் என் உச்சி என்றார். "வாஹ், வாஹ்!" என்று அவர்கள் மேஜையைத் தட்டினார்கள். ஒருவர் எழுந்து வந்து அவர் தோளை அணைத்துக்கொண்டார்.

நான் அடுப்பை அணைத்தேன். பென்சிலால் அந்த நோட்டை எழுதிய மனிதர் ஒருநாளும் அப்படி ஒரு வாக்கியத்தைப் பேச மாட்டார். அப்படிப்பட்ட வாக்கியங்களை நான் எழுதுவேன். உள்ளே இருக்கிற ஒன்றை வெளியே தெரியாமல் மூடவேண்டியிருந்தால் எழுதுவேன்.

அவர்கள் போன பிறகு அவர் பாத்திரம் தேய்த்தார், நான் துடைத்து அடுக்கினேன். பஞ்சாபி அம்மாளைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். சொன்னால் மனம் லேசாவது எனக்குத்தான், அவருக்கு மலை திரும்பி வரப்போவதில்லை என்று தோன்றியது. சொல்லாமல் இருப்பதற்கு நான் கண்டுபிடித்த நல்ல காரணம்தான் அதுவோ என்றும் தோன்றியது.

"சாம்பார் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க" என்றார் அவர்.

"அப்படியா" என்றேன்.